‘மனச்சோர்வு பேக்கேஜ்’ ரத்தப் பரிசோதனை: எதற்குக் காசு கொடுக்கலாம்?

லேப்கள் விற்கும் இந்த பேக்கேஜில் பெரும்பாலும் டிஎஸ்ஹெச் (தைராய்டு வேலையைக் காட்டும் ஹார்மோன்), வைட்டமின் பி12, ஹெச்எஸ்-சிஆர்பி (உடலில் அழற்சியைக் காட்டும் புரதம்), கார்ட்டிசால் (மன அழுத்த ஹார்மோன்) இருக்கும். விலை கூடிய வகையில் பிடிஎன்எஃப்பும் (மூளை நரம்பு வளர்ச்சிக்கு உதவும் புரதம்) சேரும். மனச்சோர்வு இருக்கிறதா இல்லையா என்று உறுதியாகச் சொல்லும் ரத்தப் பரிசோதனை இன்னும் வரவில்லை. ரிப்போர்ட்டில் ‘ரிஸ்க் ஸ்கோர்’ இருந்தால் பொருட்படுத்த வேண்டாம்.

காசுக்குத் தகுந்தவை டிஎஸ்ஹெச்சும் பி12-ம்தான். தைராய்டு சுரப்பு குறைந்தாலும் பி12 குறைந்தாலும் அசதி, மறதி, கவனக்குறைவு எல்லாம் மனச்சோர்வு போலவே வரும், இந்த இரண்டு குறைக்கும் மருந்து இருக்கிறது. சர்க்கரை நோய்க்கு மெட்ஃபார்மின் சாப்பிடுகிறவர்கள் பி12-ஐ அவசியம் பாருங்கள். முடிக்காக பயோட்டின் மாத்திரை எடுப்பவர்கள் 2 நாள் முன்பே நிறுத்த வேண்டும். இல்லாவிட்டால் சில கருவிகளில் டிஎஸ்ஹெச் பொய்யாகக் குறைத்துக் காட்டும்.

ஹெச்எஸ்-சிஆர்பி லிட்டருக்கு 10 மி.கி.யைத் தாண்டினால் முதலில் காய்ச்சல், ஈறு வீக்கம் ஏதாவது உண்டா என்று பாருங்கள். 2 வாரம் கழித்து மறுபடி எடுத்தால்தான் அந்த எண்ணுக்கு மதிப்பு.

கார்ட்டிசாலுக்குக் காலை 8 மணியை ஒட்டி ரத்தம் எடுக்க வேண்டும். வீட்டுக்கு வருபவர் 11 மணிக்கு வந்தால் அந்தப் பணம் வீண்.

பிடிஎன்எஃப் வேண்டவே வேண்டாம். ரத்தம் உறையும்போது தட்டணுக்களே அதை வெளிவிடுகின்றன. ரத்தம் எடுத்த குழாய் அரை மணி நேரம் நின்றதா, ஒரு மணி நேரமா என்பதற்கேற்ப எண் மாறிவிடும்.

பெரிய குறை, கவனக்குறைவையும் யோசனை மந்தமாவதையும் இதில் எதுவும் அளப்பதில்லை. அதற்கு உளவியலாளரிடம் செய்யும் எண்-குறியீட்டுச் சோதனை (ஒவ்வொரு எண்ணுக்கும் உரிய குறியை வேகமாக நிரப்புவது) இருக்கிறது: தாளும் பென்சிலும், 90 அல்லது 120 விநாடி.