கொள்ளிடம் கழிமுகத்தில் ஒரு நாள் தூண்டில் பயணம்: ஒரு தோணிக்காரரைப் பற்றி

கொள்ளிடம் கடலில் சேரும் கடைசிப் பகுதியில், இன்ஜின் இல்லாத தோணியில் நாள் முழுக்கப் போய்த் தூண்டில் போட்டுவிட்டு வர ஆள் இருக்கிறாரா என்று யாராவது கேட்டால், நான் ஒருவரைத்தான் சொல்வேன். அளக்குடி தாண்டி ஒரு படுகைத் துறையில் தோணி வைத்திருக்கிறார். பெயரையும் எண்ணையும் பொதுவில் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். "கூட்டம் வந்தா கழி கெட்டுப்போயிடும் தம்பி" என்பது அவர் சொன்ன காரணம். கொள்ளிடம் ஊர்க் கடைத்தெருவில் தூண்டில் முள்ளும் நரம்பும் விற்கிற கடையில் விசாரித்தால் வழி சொல்வார்கள்.

எனக்கு மயிலாடுதுறையில் மோட்டார் பம்ப் ரிப்பேர் கடை. வாய்க்காலில் மண்புழு கோத்துக் கெண்டை பிடித்துப் பழகியவன். கழிமுகத்துக்குப் போக வேண்டும் என்று கிளப்பிவிட்டது டொராண்டோவில் இருக்கும் என் மச்சான். அங்கே ஆல்கொன்குவின் என்று ஒரு பெரிய காட்டுப் பூங்கா, 1893-லேயே பாதுகாத்த இடம். ஏரிக்கு ஏரி தோணியில் போவார்களாம். நடுவில் தரை வந்தால் தோணியைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு நடப்பார்களாம். சாப்பாட்டைக் கரடிக்கு எட்டாமல் மரக்கிளையில் கட்டித் தொங்கவிட வேண்டும். டின், பாட்டில் எதையும் காட்டுக்குள் கொண்டுபோகக் கூடாது. முன்கூட்டியே அனுமதிச் சீட்டு வாங்கி, எந்த இரவு எந்த ஏரிக்கரையில் தங்கப்போகிறோம் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஊருக்கு வருகிற சமயத்தில் அக்கா மகனையும் கூட்டிக்கொண்டு இங்கே அப்படி ஒரு பயணம் போகலாமா என்று மச்சான் கேட்டார். போகலாம். ஆனால் இங்கே திட்டம் போடுவது வேறு விதம். அங்கே வரைபடத்தில் தொடங்குகிறார்கள், இங்கே தண்ணீரில் தொடங்க வேண்டும். அதைத் தெரிந்த ஆளைப் பிடிப்பதுதான் பாதி வேலை.

முதலில் நான் பேசியது வேறொரு ஏற்பாட்டாளரிடம். கழிமுகத்து மணல்திட்டில் கூடாரம், ராத்திரி தீ மூட்டிக் கோழி, காலையில் மீன்பிடி என்று எல்லாம் சொன்னார். ஓதம், அதாவது கடல் தண்ணீர், ஏறினால் அந்தத் திட்டு எவ்வளவு தூரம் மூழ்கும் என்று கேட்டேன், அதெல்லாம் பார்த்துக்கலாம் சார் என்றார். அனுமதி பற்றிக் கேட்டதற்கும் அதே பதில். வேண்டாம் என்று நான் சொன்னதும், கொடுத்த முன்பணத்தில் பாதிதான் திரும்பி வந்தது.

இந்தத் தோணிக்காரரிடம் போன் பேசியபோது அவர் முதலில் கேட்டது எத்தனை பேர் என்று இல்லை. "எந்த மாசம் வரலாம்னு இருக்கீங்க?" ஆகஸ்ட் என்றேன். மச்சானுக்கு அப்போதுதான் லீவு. "ஒரு நாளைக் குறிச்சு வச்சுக்கறேன், ஆனா மேட்டூரைப் பாத்துட்டுத்தான் உறுதி சொல்வேன்" என்றார். டெல்டாக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. வழக்கப்படி ஜூன் 12-ல் மேட்டூரைத் திறக்கிறார்கள். கர்நாடகத்தில் மழை வலுத்து அணை 120 அடியைத் தொட்டுவிட்டால், வருகிற தண்ணீரை அப்படியே வெளியே விட வேண்டியதுதான். அந்த உபரி திருச்சி பக்கத்து முக்கொம்பில் பிரிந்து கொள்ளிடத்தில் போகிறது. காவிரிக் கரை ஊர்கள் தப்புகின்றன, கொள்ளிடக் கரை ஊர்கள் வாங்கிக்கொள்கின்றன. 2022 ஆகஸ்டில் இரண்டு லட்சம் கன அடியை ஒட்டிப் போனபோது நாதல்படுகை, முதலைமேடு திட்டு, வெள்ளைமணல் எல்லாம் தண்ணீருக்குள் இருந்தன. ஊரில் வெயில் காய்ந்துகொண்டிருக்கும், ஆற்றில் வெள்ளம் வந்துகொண்டிருக்கும். வெளியூரிலிருந்து வருகிறவர்களுக்கு இது பிடிபடாது.

நாங்கள் குறித்த நாளுக்கு முந்தின வாரம் அவரே கூப்பிட்டார். "அணை நெறைஞ்சிருச்சு தம்பி, இப்ப வராதீங்க." முன்பணத்தை அன்றைக்கே திருப்பி அனுப்பினார். நான் அவரை நம்பத் தொடங்கியது அந்தப் போனிலிருந்துதான். வருமானத்தை விட்டுவிட்டு வராதே என்று சொல்ல எத்தனை பேருக்கு மனசு வரும்? மச்சான் டிக்கெட்டை மாற்றிக்கொண்டு பிப்ரவரியில் வந்தார்.

பிப்ரவரி, மார்ச்சுதான் சரியான காலம். வடகிழக்குப் பருவமழை முடிந்திருக்கும். ஜனவரி 28-ல் மேட்டூரை மூடிவிடுவது வழக்கம் என்பதால் மேலே இருந்து வரும் தண்ணீர் குறைந்து, கடல் தண்ணீர் ஆற்றில் ஏறும். கரையோர விவசாயிகளுக்கு இதே உப்புத் தண்ணீர்தான் பெரிய துயரம். அதைத் தடுக்கத்தான் ஆதனூர் – குமாரமங்கலம் இடையே கதவணை கட்டினார்கள். கீழே கழிமுகத்தில் அந்த உப்போடுதான் கொடுவா மீன் உள்ளே வருகிறது.

மாதத்துக்கு அப்புறம் நாள். பஞ்சாங்கத்தில் திதியைப் பார்த்து ஓதக் கணக்குப் போட்டார். காலையில் தண்ணீர் வற்றும்போது அதோடு கீழே இறங்க வேண்டும். மதியம் ஏறும்போது அதோடு மேலே வர வேண்டும். பகல் ஏறியதும் கடல் பக்கமிருந்து கொண்டல் காற்று கிளம்பும். அது திரும்பி வருகிற நம் முதுகில் அடிக்கும். போகும்போது ஆறு இழுக்கும், வரும்போது ஓதமும் காற்றும் சேர்ந்து தள்ளும். அப்படி அமைகிற நாள் ஒரு பட்சத்தில் சிலதுதான், அதில் ஒன்றைத்தான் தருவார். ஞாயிற்றுக்கிழமைதான் வேண்டும் என்று பிடிவாதம் பிடிப்பவர்களுக்கு இவர் ஒத்துவர மாட்டார். நான் கடையைச் சாத்திவிட்டு ஒரு புதன்கிழமை போனேன். டொராண்டோவில் இத்தனை வருஷம் துடுப்புப் போட்ட மச்சானே, "இவ்வளவு லேசா ஒரு நாள் முழுக்கத் துடுப்புப் போட்டதே இல்ல" என்றார்.

தோணி பைபரில் செய்தது, குறுகல், அவரோடு சேர்த்து நாலு பேர் உட்காரலாம். இரண்டு துடுப்பு, ஒரு நீளக் கழி. ஆழம் இருக்கும் இடத்தில் துடுப்பு, சேற்றுத் தரை தட்டும் இடத்தில் கழியை ஊன்றித் தள்ளுவது. ஏறுவதற்கு முன் சில விஷயங்களைக் கண்டிப்பாகச் சொல்வார். துறைக்குப் பக்கத்தில் கையைத் தண்ணீரில் விடக் கூடாது, காலைத் தொங்கப்போடக் கூடாது, மீனைத் தோணி ஓரத்தில் கழுவக் கூடாது. ஆற்றின் மேல் பக்கம் அணைக்கரை என்ற ஊரில் முதலை இருப்பது ஊரறிந்தது. சிதம்பரம் பக்கம் பழைய கொள்ளிடக் கரையில் ஆடு மாடு மட்டுமில்லை, ஆட்களும் கடிபட்டிருக்கிறார்கள். வெள்ளக் காலத்தில் அவை கீழேயும் அடித்து வரப்படும். கழியின் உப்புத் தண்ணீரில் முதலை பயம் அவ்வளவு இல்லை என்றாலும், அவர் விதியைத் தளர்த்தவில்லை. முகத்துவாரத்தைத் தாண்டவும் மாட்டார். ஆற்றுத் தண்ணீரும் கடலலையும் மோதுகிற அந்த இடத்தில் மணல் இன்றைக்கு இருக்கும், நாளைக்கு இருக்காது. அக்கா மகன் கடலைத் தொட்டுவிட்டு வரலாம் என்று கெஞ்சினான். "கரையில போய்ப் பாத்துக்க கண்ணு, தோணியில வேணாம்" என்று முடித்துவிட்டார்.

கொடியம்பாளையம் பக்கம் கழி பிரிகிற இடத்தில் சுரபுன்னைக் காடு தொடங்குகிறது. அந்தக் கரையைத் தாண்டினால் பிச்சாவரம். நடுவில் தில்லை மரமும் நிற்கும், சிதம்பரம் கோவிலின் தலமரம். அதன் பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து என்பதால் கிளையைப் பிடித்துத் தோணியை நிறுத்த விடமாட்டார். சேற்றில் கழியை ஊன்றி அதில்தான் கயிறு கட்டுவார்.

அப்புறம் தூண்டில். உயிர் இறாலை அவர் கோக்கிற விதத்தை நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். தலையில் கொம்புக்கு அடியில் கறுப்பாக ஒரு புள்ளி தெரியும். அதைத் தொடாமல், அதற்குச் சற்று முன்னால் முள்ளைக் குறுக்கே நுழைத்தார். அப்படிக் கோத்தால் இறால் சாகாமல் நெடுநேரம் துள்ளிக்கொண்டே இருக்கிறது. ஈயக்குண்டு சின்னதாக, முள்ளிலிருந்து ஒரு முழம் தள்ளி. நரம்பின் கடைசிப் பகுதி மட்டும் தடித்த தங்கூஸ் (நைலான்) நரம்பு, ஏனென்றால் கொடுவாவின் செவுள் மூடி பிளேடு மாதிரி அறுக்கும். வேரோரமாக இறக்கி, தண்ணீர் இழுக்கிற பக்கம் நரம்பைத் தளர விட வேண்டும். வற்றம் நின்று ஏற்றம் தொடங்கும் அந்த இடைவெளியில் ஆறு அசையாமல் நிற்கிறது. அது மறுபடி நகரத் தொடங்கியதும்தான் மீன் கடித்தது. கிழங்கானும் கெளுத்தியும் முதலில் வந்தன. கெளுத்தியை அவரே கழற்றினார். முள் குத்தினால் தாங்கக்கூடிய சூட்டில் வெந்நீரில் கையை வைக்க வேண்டும் என்று பிளாஸ்க்கில் வெந்நீர் வைத்திருக்கிறார். இந்த ஒரு பிளாஸ்க்குக்காகவே அவருக்குத் தனியாக ஒரு மதிப்பெண் தருவேன்.

அக்கா மகன் தூண்டிலில் பெரிய கொடுவா ஒன்று விழுந்தது. பையன் கை நடுங்க இழுத்தான். வலைக்கரண்டியில் அள்ளித் தோணிக்குள் வைத்தார், முள்ளைக் கழற்றினார், பையன் ஒரு போட்டோ எடுக்கும்வரை ஈரச் சாக்கில் பிடித்திருந்தார், தண்ணீரில் விட்டுவிட்டார். பையனுக்கு அழுகை வராத குறை. "பெருசெல்லாம் பொட்டை கண்ணு. அதைப் பிடிச்சா குஞ்சு ஏது?" என்றார். அவர் சொன்னது அறிவியல்படியும் சரி. கொடுவா ஆணாகத்தான் முதிர்கிறது, வளர்ந்து பெரிதான பிறகு பெண்ணாக மாறுகிறது. சீர்காழிப் பக்கம் தொடுவாயில் ராஜீவ் காந்தி நீர்வாழ் உயிரின வளர்ப்பு மையத்தின் கொடுவாப் பொரிப்பகம் இருக்கிறது. அங்கே பம்ப் வேலைக்குப் போகிறவர்கள் மூலமாக இதை நான் முன்பே கேள்விப்பட்டிருந்தேன். மச்சான் இருக்கும் ஒண்டாரியோ மாகாணத்திலும் சில மீன்களில் சின்னதையும் விட வேண்டும், பெரியதையும் விட வேண்டும், நடுத்தர அளவைத்தான் எடுக்கலாம் என்று அளவுச் சட்டமே இருக்கிறதாம், மச்சான் மறுபேச்சில்லாமல் ஒத்துக்கொண்டார். இவர் சட்டப் புத்தகம் எதுவும் பார்க்காமல் அதையே செய்கிறார். முழங்கை நீளம்கூட இல்லாத சின்னதையும் விட்டுவிடுவார். நடுத்தர அளவில் கிடைத்த இரண்டு கொடுவாவை வைத்துக்கொண்டோம், எங்கள் மூன்று பேருக்கும் அவர் வீட்டுக்கும் தாராளமாகப் போதுமாக இருந்தது.

சாப்பாடு அவர் வீட்டிலிருந்து. போகும்போது புளிச்சோறும் நார்த்தங்காய் ஊறுகாயும். திரும்பி வந்ததும் நாங்கள் பிடித்த மீனையே அவர் சம்சாரம் குழம்பு வைத்துத் தந்தார்கள்; தேங்காய் அதிகம் சேர்க்காத, புளி தூக்கலான குழம்பு.

குறைகளும் இருக்கின்றன, சொல்லத்தான் வேண்டும். உயிர்காப்பு அங்கிகளில் ஒன்றுக்குக் கொக்கி உடைந்து கயிற்றால் கட்டியிருந்தார். இவ்வளவு ஜாக்கிரதையான மனிதர் இதை இப்படி விடக் கூடாது. நேரில் சொன்னேன், மாற்றிவிடுகிறேன் என்றார். போகிறவர்கள் ஏறும் முன் கொக்கியைப் போட்டுப் பாருங்கள். நிழல் கிடையாது, காற்றில் குடை நிற்காது, தொப்பியும் முழுக்கைச் சட்டையும் அவசியம். பெண்களுக்கு வசதி எதுவும் இல்லை. நடுவில் ஒரு திட்டில் இறக்கிவிடுவதாகச் சொல்கிறார், அதைப் போதும் என்று நான் சொல்ல மாட்டேன். அவர் தருகிறது கைத்தூண்டில்தான். ராடும் ரீலும் வேண்டுமானால் நீங்கள்தான் கொண்டுபோக வேண்டும். குடிதண்ணீரும் நிறைய எடுத்துப் போங்கள். ராத்திரி தங்கல், தீ, சாராயம் எதற்கும் ஒத்துக்கொள்ள மாட்டார். பிளாஸ்டிக் பையைக் கண்டால் கரையிலேயே வாங்கி வைத்துவிடுவார்.

நாள் முழுவதற்கும் தோணிக்கு மூவாயிரம், சாப்பாட்டுக்குத் தனியாக ஆளுக்கு இருநூறு. பணமாகத்தான் வாங்குகிறார். பிச்சாவரத்துப் படகுக் குழாமில் ஒரு மணி நேரம் சுற்றிப் பார்த்து மரமும் பறவையும் படம் எடுத்தால் போதும் என்பவர்கள் அங்கேயே போகலாம், அதுவும் நல்ல இடம். சும்மா இருக்கத் தெரியாத சின்னக் குழந்தைகளோடு இங்கே வர வேண்டாம்.

நாள் வேண்டுமென்றால் தைக்குள் கேட்டுவிடுங்கள். ஆனியில் கூப்பிட்டால் "தண்ணியைப் பாத்துட்டுச் சொல்றேன்" என்பார், அதற்கு மேல் எவ்வளவு பணம் தருகிறேன் என்றாலும் அவர் தோணியை அவிழ்க்க மாட்டார்.