வெப் டிசைனுக்கும் வீடியோ எடிட்டிங்குக்கும் ஒரே லப்டொப்: இரண்டு வருடத்துக்குப் பிறகு

மட்டக்களப்பு கல்லடியில் வீட்டோடு சேர்ந்த சின்ன அறையில்தான் என் வேலை. பகலில் காத்தான்குடி, ஏறாவூர்க் கடைகளுக்கும் பாசிக்குடா விடுதிகளுக்கும் இணையத்தளம் செய்வேன். இரவில் கலியாணவீடு, சாமத்திய வீடு, கோயில் திருவிழா வீடியோக்கள். எல்லாவற்றுக்கும் ஒரே லப்டொப்: இன்டெல் ஐ7-13620எச் சிப், என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 4050 கிராபிக்ஸ் கார்ட், 15.6 அங்குலத் திரை. வாங்கி இரண்டு வருடம் தாண்டிவிட்டது. "என்ன லப்டொப் எடுக்கலாம் அண்ணா?" என்று தம்பிமார் கேட்டால், நான் முதலில் கேட்பது எந்தக் கமெராவின் ஃபைலை எடிட் பண்ணப் போகிறீர்கள் என்றுதான்.

காரணம் இருக்கிறது. சோனி ஏ7 மார்க் 4 போன்ற கமெராக்கள் 10 பிட், 4:2:2 நிறத்தில், அதாவது நிறத் தகவலை வழக்கத்தைவிடக் கூடுதலாக வைத்துப் பதிவு செய்கின்றன. கலர் திருத்துவதற்கு அருமையான ஃபைல், ஆனால் அதை ஓடவிடுவது லப்டொப்புக்குப் பெரும்பாடு. ஆர்டிஎக்ஸ் 40 வரிசை வரைக்கும் என்விடியா கார்டுகளில் 4:2:2 ஃபைலை டிகோட் பண்ணும் (சுருக்கிய வீடியோவைப் படமாக விரிக்கும்) வசதியே இல்லை. எச்.265 என்ற முறையில் சுருக்கிய ஃபைலாக இருந்தால் அந்த வேலையைச் செய்வது இன்டெல் சிப்பின் கிராபிக்ஸுக்குள் இருக்கும் குயிக் சிங்க் என்ற பகுதி. கடையில் யாரும் இதைச் சொல்வதில்லை, கார்டின் நம்பரைத்தான் காட்டுவார்கள்.

வித்தியாசத்தைப் பக்கத்தில் வைத்தே பார்த்தேன். நண்பர் ஒருவரிடம் இதே 4050 கார்டுடன், ஆனால் குயிக் சிங்க் இல்லாத ஏஎம்டி ரைசன் சிப் போட்ட லப்டொப் இருக்கிறது. தாலி கட்டும் இடத்தில் மூன்று கமெராவின் கிளிப்பையும் அடுக்கி, பெண்கள் குரவை போடும் சத்தம் அலைவடிவத்தில் எங்கே எகிறுகிறது என்று பார்த்துத்தான் நாங்கள் பொருத்துவோம். பிரீமியர் என்ற எடிட்டிங் மென்பொருளில் என்னுடையதில் கையை இழுக்க இழுக்கப் படம் கூடவே வந்தது. அவருடையதில் ஒரு ஃபிரேமில் நின்று, யோசித்து, பிறகு குதித்தது. அவர் இப்போது முதலில் புரொக்ஸி, அதாவது எடிட் பண்ணுவதற்கென்று இலேசான நகல் ஃபைல், செய்துவிட்டுத்தான் உட்காருகிறார். அதுவும் நல்ல வழிதான், நேரம்தான் போகும். அதே கமெராவில் எச்.264 என்ற பழைய முறையில் 4:2:2 எடுத்தால் இந்த இன்டெல்லும் கைகொடுக்காது, எனக்கும் புரொக்ஸிதான்.

இன்னொன்று. கேமிங் லப்டொப்புகளில் தனி கிராபிக்ஸ் கார்டை மட்டும் ஓடவிடும் ஒரு மோட் இருக்கும். அதைப் போட்டால் இன்டெல் கிராபிக்ஸ் அணைந்து குயிக் சிங்கும் போய்விடும். எடிட்டிங்குக்கு இரண்டு கிராபிக்ஸும் இயங்கும் ஹைபிரிட் மோடில்தான் வைக்க வேண்டும்.

அப்புறம் திரை. இதில் சமரசமே வேண்டாம். விலை குறைந்த மொடல்களில் திரை எவ்வளவு நிறம் காட்டும் என்பதற்கு 45 சதவீத என்டிஎஸ்சி என்று போட்டிருக்கும். அது இணையத்துக்குப் பொதுவான எஸ்ஆர்ஜிபி நிறங்களில் ஏறக்குறைய 60 சதவீதம்தான். அந்தத் திரையில் மணமகளின் கூறைச் சேலையின் சிவப்பு செங்கல் நிறமாகத் தெரியும். அதைச் சரியாக்குவதாக நினைத்துக் கலரை ஏற்றினால், வாடிக்கையாளரின் போனில் மணமகளின் முகமே சிவந்துபோய் நிற்கும். என்னுடையது 100 சதவீத எஸ்ஆர்ஜிபி. கடைக்காரரின் லோகோ நிறம் தளத்திலும் பேனரிலும் ஒன்றுபோல வருவதற்கும் அதுதான் காரணம். திரையில் நொடிக்கு 144 தடவை படம் மாறும் 144 ஹெர்ட்ஸ் எனக்கு ஒன்றுக்கும் உதவவில்லை.

வெப் டிசைனுக்கு மட்டும் என்றால் இவ்வளவு வேண்டாம். விஎஸ் கோட், ஃபிக்மா, குரோமில் இருபது டேப், 16 ஜிபி ராம் போதும். பிரீமியரும் சேர்ந்து திறந்திருந்தபோதுதான் 16 மூச்சுவாங்கியது; 32 ஆக்கினேன், அதோடு அடங்கியது. ராமைப் பிறகு மாற்ற முடியுமா, இரண்டாவது எஸ்எஸ்டிக்கு இடம் இருக்கிறதா என்று வாங்கும்போதே கேளுங்கள். நொடிக்கு 200 மெகாபிட்டில் எடுத்த வீடியோ ஒரு மணி நேரத்துக்கு 90 ஜிபி. கூட வந்த 512 ஜிபி ஒரு கலியாணத்துக்கே காணாது.

நம்ம ஊர் வெயிலைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. கச்சான் காற்று வீசும் மாதங்களில் பகலில் ரெண்டர் (எடிட் பண்ணியதை முழு வீடியோவாக்கும் வேலை) போட்டால் விசிறி அலறும், வேகமும் இறங்கும். பின்பக்கத்தை இரண்டு விரல் உயரம் தூக்கி வைத்ததிலேயே நல்ல மாற்றம். நீண்ட ரெண்டரை இரவுக்குத் தள்ளிவிடுவேன். கடல் பக்கத்து வீடு என்பதால் உப்பும் தூசும் சேர்ந்து விசிறியில் படிகிறது, ஆறு மாதத்துக்கு ஒருமுறை திறந்து துடைக்கிறேன்.

கரண்ட் போனால் எடிட்டிங் நின்ற மாதிரித்தான். பெட்டரியில் கார்டின் வேகம் பாதிக்கும் கீழே. அந்த நேரம் கோட் எழுதுவேன்; ரவுட்டருக்குச் சின்ன யூபிஎஸ் ஒன்று வைத்திருப்பதால் இணையம் போவதில்லை. எந்நேரமும் சார்ஜரில் கிடக்கும் லப்டொப் என்பதால் சார்ஜை 80 சதவீதத்தில் நிறுத்தி வைத்திருக்கிறேன், பெட்டரி இன்னும் நன்றாகவே இருக்கிறது. வாரண்டிதான் தலையிடி. ஒரு விசிறி சத்தம் போடத் தொடங்கியபோது கொழும்புக்கு அனுப்பி, திரும்பி வரும்வரை கையில் வேலை செய்ய ஒன்றும் இல்லை. பழைய லப்டொப்பை விற்காமல் வைத்திருப்பது நல்லது.

இப்போது புதிதாக எடுப்பவர்களுக்கு ஒரு வசதி வந்திருக்கிறது. 2025இல் வந்த ஆர்டிஎக்ஸ் 50 வரிசை 4:2:2 ஃபைலைத் தானே டிகோட் பண்ணுகிறது, எச்.264ஐயும் சேர்த்து. அந்தக் கார்ட் இருந்தால் ரைசனும் எடுக்கலாம். போனில் எடுத்த வீடியோவை மட்டும் வெட்டுபவர்களுக்கு இந்தக் கவலையே இல்லை. அந்தக் காசை நல்ல திரையில் போடுங்கள். கடைக்குப் போகும்போது ஒரு பென்டிரைவில் உங்கள் கமெராவின் கிளிப் ஒன்றையும் ஒரு கூறைச் சேலைப் படத்தையும் கொண்டுபோய், கேட்டுப் போட்டுப் பாருங்கள்.