அகலக்கால் வைத்த மூன்று கேம்கள்: எதற்குக் காசு போடலாம்?

வி ஹேப்பி ஃபியூ, ரிமெம்பர் மீ, சைபர்பங்க் 2077. இந்த மூன்றின் ட்ரெய்லரையும் பார்த்துவிட்டு வாங்காமல் இருக்க நல்ல மனக்கட்டுப்பாடு வேண்டும். மூன்றிலும் உள்ளுக்குள் அழுகிப்போன ஒரு சமூகம், அதற்குமேல் பளபளவென்று ஒரு பூச்சு, மனிதனின் மூளைக்குள்ளேயே கைவைக்கும் ஓர் அதிகாரம். மூன்றுமே அகலக்கால் வைத்து, சொன்னதில் பாதியைத்தான் கையில் கொடுத்தன. ஆனால் மூன்றும் ஒரே இடத்தில் சறுக்கவில்லை. எது எங்கே சறுக்கியது என்று பார்த்தால்தான் இன்றைக்கு எதற்குக் காசு போடலாம் என்று சொல்ல முடியும்.

கேள்வி ஆரியங்காவில் இருக்கும் என் சித்தி மகனுடையது. "அண்ணே, சேல் போட்டிருக்கான், மூணுல ஒண்ணு சொல்லுங்க, ஒண்ணுக்குத்தான் காசு இருக்கு" என்றான். கிராபிக்ஸ் கார்டு எத்தனை ஜிபி என்று கேட்டேன். "நாலு. ஹார்ட் டிஸ்க்ல இடமும் கம்மிதான்" என்றான். செங்கோட்டையிலிருந்து மலையேறி அந்தப் பக்கம் தென்மலை, புனலூர் வரைக்கும் எனக்குத் தெரிந்த பையன்கள் பலருக்கும் ஏறக்குறைய இதே நிலைமைதான். சாரல் பிடித்துவிட்டால் மலைக்கு மேலே கரண்ட் எப்போது போகும் என்று யாருக்கும் தெரியாது, போனில் டவர் ஒன்று போய் ஒன்று வந்துகொண்டிருக்கும். அதனால் கதை, கிராபிக்ஸ் இரண்டை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொன்னால் போதாது. டவுன்லோடு எவ்வளவு, பாதியில் கரண்ட் போனால் எவ்வளவு தூரம் திரும்ப விளையாட வேண்டும் என்பதும் கணக்கில் வர வேண்டும்.

வி ஹேப்பி ஃபியூவிலிருந்து ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் மூன்றில் யோசனை அதில்தான் பெரியது, வயிற்றெரிச்சலும் அதில்தான் பெரியது. கனடாவில் மான்ட்ரியல் நகரத்து கம்பல்ஷன் கேம்ஸ் செய்தது. வருடம் 1964, இங்கிலாந்தில் வெலிங்டன் வெல்ஸ் என்று ஒரு கற்பனை ஊர். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியர்கள் இங்கிலாந்துக்குள் புகுந்துவிட்டதாகக் கதை. அந்தக் காலத்தில் ஊரே சேர்ந்து செய்த ஒரு பாவத்தை மறப்பதற்காக எல்லோரும் ஜாய் என்ற மாத்திரையைப் போட்டுக்கொண்டு, வெள்ளை முகமூடி மாட்டிக்கொண்டு, சிரித்தபடியே திரிகிறார்கள். போடாதவனுக்கு டவுனர் என்று பெயர். தெரிந்துவிட்டால் அதே சிரித்த முகத்தோடு அடித்துக் கொல்வார்கள்.

முதல் சில நிமிடங்களைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். ஆர்தர் ஹேஸ்டிங்ஸ் பழைய பத்திரிகைச் செய்திகளைத் தணிக்கை செய்யும் குமாஸ்தா. மேசையில் ஒவ்வொரு செய்தியாக வந்து விழுகிறது, விடலாமா அழிக்கலாமா என்று நாமே முடிவு செய்கிறோம். திடீரென்று அவனும் அவன் அண்ணன் பெர்சியும் இருக்கிற ஒரு படம் வருகிறது. கையில் ஜாய் டப்பா. போட்டுக்கொள்ளலாம், போடாமலும் இருக்கலாம். போட்டால் அவன் எல்லாவற்றையும் மறந்து சந்தோஷமாகிவிடுகிறான், கேம் அங்கேயே முடிந்து பெயர்ப் பட்டியல் ஓட ஆரம்பிக்கிறது. போடவில்லை என்றால் ஆபீஸ் பார்ட்டிக்குப் போகிறோம். நம் ஊர் உறியடி போல மிட்டாய் அடைத்த ஒரு பொம்மையைத் தொங்கவிட்டு நம் கையில் தடியைக் கொடுக்கிறார்கள். அடிக்கிறோம், உடைகிறது, மாத்திரையின் வேகம் இறங்க இறங்கத்தான் தெரிகிறது அது செத்த எலி என்று. கூட வேலை செய்கிறவர்கள் சிரித்துக்கொண்டே குடலை எடுத்து வாயில் போட்டுக்கொள்கிறார்கள். இதைவிட நல்ல தொடக்கம் உள்ள கேம் சொல்லுங்கள் என்றால் நான் ரொம்ப நேரம் யோசிப்பேன்.

அப்புறம் என்ன ஆகிறது? ஊருக்கு வெளியே தூக்கி எறியப்பட்டு, தண்ணீர் தேடுகிறோம், அழுகாத உருளைக்கிழங்கு தேடுகிறோம், துணி தைக்க நூல் பொறுக்குகிறோம். இந்த கேம் பிறந்ததே அப்படித்தான். 2015இல் கிக்ஸ்டார்ட்டர் என்ற இணையதளத்தில் பொதுமக்களிடம் 3 லட்சத்து 30 ஆயிரம் கனடா டாலருக்கு மேல் திரட்டியபோது அவர்கள் செய்ய நினைத்தது, பசி தூக்கம் பார்த்துக்கொண்டு உயிர் தப்பும் ஒரு சின்ன சர்வைவல் கேம். ஒவ்வொரு தடவையும் ஊரைக் கம்ப்யூட்டரே புதிதாகக் கலைத்து அடுக்கும். 2016 ஜூன் மாதம் ஈ3 என்ற கேம் கண்காட்சியில் மைக்ரோசாஃப்ட்டின் மேடையில் அந்த எலிக் காட்சியைப் போட்டுக் காட்டினார்கள். பார்த்தவர்கள் எல்லாம் இது பெரிய கதை கேம் என்று முடிவு கட்டிவிட்டார்கள், அடுத்த மாதமே எர்லி ஆக்சஸில், அதாவது முழுசாக முடியும் முன்பே விற்பனைக்கு விட்டதை, வாங்கிப் பார்த்தால் உள்ளே கதையே இல்லை. கூச்சல் கிளம்பியது. கம்பெனியும் சரி, கதையை முழுசாகச் செய்து தருகிறோம் என்று இறங்கியது, 2017இல் கியர்பாக்ஸ் வெளியீட்டாளராக வந்தது, விலை 60 டாலர் ஆனது. 2018 ஆகஸ்ட்டில் முழு கேம் வந்தபோது கையால் செதுக்கிய கதை ஒரு பக்கம், கம்ப்யூட்டர் கலைத்துப் போட்ட தெருக்கள் இன்னொரு பக்கம் என்று இரண்டும் ஒட்டாமல் நின்றன.

இந்த ஒட்டாமை விளையாடும்போது கண்ணெதிரே தெரியும். விதிகள் அருமையானவை: பணக்காரப் பகுதியில் கிழிந்த சட்டையோடு போனால் சந்தேகப்படுவார்கள், ஏழைப் பகுதிக்கு நல்ல கோட்டுப் போட்டுக்கொண்டு போனால் அங்கே அடி விழும், தெருவில் ஓடினாலே ஆளைப் பார்ப்பார்கள். ஜாய் போட்டால் தெரு வானவில் நிறத்துக்கு மாறுகிறது, இறங்கும்போது உடம்பு காட்டிக்கொடுக்கிறது. ஆனால் ஒரு மிஷனிலிருந்து அடுத்ததுக்கு நடக்கும் தூரம் ரொம்ப நீளம், வழியில் அதே வீடு, அதே பெஞ்சு, அதே கிழவி முகம் நாலைந்து பேருக்கு. அந்த முகம் மூன்றாம் முறை வரும்போது பயம் போய் எரிச்சல் வந்துவிடுகிறது. கதையில் ஆர்தருக்கு அப்புறம் கைக்குழந்தையை ஒளித்து வளர்க்கும் சாலி வருகிறாள், சர்க்கரை வியாதியோடு ஆலி வருகிறான். மூன்று பேர் கண்ணிலும் ஒரே சம்பவம் வேறு வேறாக இருப்பது எழுதியவரின் கெட்டிக்காரத்தனம். சாலி கதை வரை பொறுமையோடு நடந்தவர்கள் எத்தனை பேர் என்பதுதான் கேள்வி.

(இந்த கேமுக்கு ஆஸ்திரேலியாவில் 2018 மே மாதம் தர மதிப்பீடே கொடுக்க மறுத்தார்கள், போதை மாத்திரை போட்டால் விளையாட்டில் லாபம் இருக்கிறதாம். ஜூலையில் முடிவை மாற்றிக்கொண்டார்கள். மாத்திரை போடாதே என்று மணிக்கணக்கில் கத்துகிற கேமுக்கு வந்த சோதனை.)

இப்போது ரிமெம்பர் மீ. பாரிஸின் டோன்ட்நாட் ஸ்டுடியோவுடைய முதல் கேம், காப்காம் வெளியீடு, 2013. இதில் வருடம் 2084, ஊர் நியோ பாரிஸ். மெமரைஸ் என்ற கம்பெனி எல்லோருடைய பிடரியிலும் சென்சென் என்ற கருவியைப் பொருத்தி, நினைவுகளை வாங்கவும் விற்கவும் அழிக்கவும் வைத்துவிட்டது. வேண்டாத நினைவை அழித்து அழித்து மனிதத்தன்மையே போனவர்கள் சாக்கடைக்குள் ஊளையிட்டுக்கொண்டு கிடக்கிறார்கள். நாயகி நிலின் நினைவுத் திருடி, கதை தொடங்கும்போது அவள் நினைவே அழிக்கப்பட்டிருக்கிறது.

வி ஹேப்பி ஃபியூவுக்கு நேர் எதிர் இது. அங்கே திறந்த ஊர், சுற்றிச் சுற்றி அலுக்கிறது. இங்கே ஊர் கண்ணுக்கு விருந்து, பழைய பாரிஸ் கட்டடங்களின் தலையில் புதுக் கண்ணாடிக் கோபுரங்கள் முளைத்திருக்கின்றன, கடைப் பலகைகள் காற்றில் மிதக்கின்றன, ஆனால் ஒரு சந்துக்குள்கூடத் திரும்ப விடமாட்டார்கள். எங்கே தாவ வேண்டும் என்று ஆரஞ்சு நிற அம்புக்குறி காட்டும், அங்கே மட்டும் தாவலாம். சண்டையில் நான்கு காம்போ, அதாவது தொடர் அடிகள், அதில் எந்த அடி வலிக்க வேண்டும், எந்த அடி நமக்கு உயிர் கூட்ட வேண்டும் என்று நாமே கோத்துக்கொள்ளும் வசதி. கேட்க ஆசையாக இருக்கிறது, ஆனால் எட்டு அடி காம்போவை முடிப்பதற்குள் பின்னாலிருந்து எவனாவது உதைத்துவிடுவான், கேமராவும் அந்த நேரம் பார்த்துச் சுவரைக் காட்டும். ஒலிவியே டெரிவியேர் போட்ட இசை மட்டும் சண்டை முழுக்கக் கூடவே ஓடிவருகிறது, வாத்தியக் குழுவை வாசிக்கவைத்து அதைக் கம்ப்யூட்டரில் வெட்டி உடைத்த சத்தம். ஹெட்செட் போட்டு விளையாடுங்கள்.

இதற்கும் ஒரு எலிக் காட்சி உண்டு. நிலினைப் பிடிக்க வரும் ஓல்கா என்ற பெண்ணின் தலைக்குள் புகுந்து, அவள் கணவன் சிகிச்சைக்குப் படுத்திருக்கும் ஒரு நினைவை வீடியோ மாதிரி முன்னும் பின்னும் ஓட்டிப் பார்க்கிறோம். அங்கங்கே சின்னச் சின்னப் பொருட்கள் நடுங்கும், அவற்றை மாற்றலாம். ஒன்றை மட்டும் மாற்றினால் ஒன்றும் ஆகாது, தப்பான இரண்டைச் சேர்த்தால் வேறு எதுவோ நடக்கும். சரியாக அமைந்தால் அந்த நினைவில் கணவன் செத்துவிடுகிறான். உண்மையில் அவன் சாகவில்லை. ஆனால் இனி ஓல்காவுக்கு அதுதான் உண்மை, அந்தக் கணத்தோடு அவள் நம் பக்கம் வந்துவிடுகிறாள். செய்து முடித்தபின் நமக்கே கை கூசும். கேம் முழுக்க இதைத்தான் செய்யப் போகிறோம் என்று நிமிர்ந்து உட்கார்ந்தால், கடைசிவரை சேர்த்தே விரல்விட்டு எண்ணும் அளவுக்குத்தான் இப்படி வருகிறது. மீதி நேரமெல்லாம் உதை, தாவல், உதை. கையில் வைரம் இருந்தும் கஞ்சத்தனம். ஆனாலும் ஒன்று சொல்ல வேண்டும், வி ஹேப்பி ஃபியூவில் நல்லதைத் தேடி மணிக்கணக்கில் நடக்க வேண்டும், இதில் அடுத்த நல்ல இடம் எப்போதும் பக்கத்தில்தான் இருக்கும். எட்டு முதல் பத்து மணி நேரத்தில் கதை முடிந்துவிடும்.

சைபர்பங்க் பற்றி எல்லோருக்கும் தெரியும் என்பதால் சுருக்கமாக. போலந்தின் சிடி ப்ராஜெக்ட் ரெட் 2012இல் அறிவித்தது, 2020இல் மட்டும் மூன்று முறை தேதியைத் தள்ளிப்போட்டு டிசம்பர் 10 அன்று விட்டார்கள். பழைய பிளேஸ்டேஷன் 4இல் அது ஓடிய லட்சணத்தைப் பார்த்து ஒரு வாரத்தில் சோனியே தன் கடையிலிருந்து தூக்கிவிட்டது, திரும்ப வர 2021 ஜூன் ஆனது. போலீஸ்காரர்கள் முதுகுக்குப் பின்னால் ஆகாயத்திலிருந்து குதித்தது போல முளைத்தார்கள். இதெல்லாம் பழைய கதை. 2023 செப்டம்பரில் வந்த 2.0 பேட்ச், அதாவது கோளாறு திருத்தும் அப்டேட், போலீஸை, நாயகன் திறமைகளை வளர்க்கும் திறமை மரத்தை, கார்ச் சண்டையைத் திருத்தி எழுதியது, அதே மாதம் ஃபேன்டம் லிபர்ட்டி என்ற கூடுதல் கதை வந்தது, டிசம்பரில் ஓடாமல் கிடந்த மெட்ரோ ரயில்கூட ஓட ஆரம்பித்தது.

இங்கேதான் மூன்றுக்கும் உள்ள வித்தியாசம். சைபர்பங்க்கில் எலும்பு சரியாக இருந்தது, செத்துப்போன ராக் பாடகன் ஜானி சில்வர்ஹேண்ட் நம் தலைக்குள் உட்கார்ந்து வாதாடுவதும், கதை நடக்கும் நைட் சிட்டி நகரத்தின் தெருக்களும் முதல் நாளே நன்றாகத்தான் இருந்தன, மேலே இருந்த ஓட்டைகளை அடைக்க முடிந்தது. அப்போதும் எல்லாம் சரியாகிவிடவில்லை. நாடோடி, தெருப் பிள்ளை, கம்பெனி ஆள் என்று மூன்று தொடக்கம் கொடுத்துவிட்டு அரை மணி நேரத்தில் மூவரையும் ஒரே வழியில் தள்ளிவிடுவது இன்னும் அப்படியேதான் இருக்கிறது, அது பக், அதாவது புரோகிராம் கோளாறு இல்லை, எடுத்த முடிவு. வி ஹேப்பி ஃபியூவின் குறையும் ரிமெம்பர் மீயின் குறையும் முழுக்கவே அப்படிப்பட்ட முடிவுகள். எந்த பேட்ச் வந்தும் அந்த நடைதூரத்தைக் குறைக்காது, ஓல்கா காட்சியைப் பத்தாக்காது. இதற்குச் சாட்சி வி ஹேப்பி ஃபியூவுக்குப் பின்னால் தனியாக விட்ட கூடுதல் பகுதிகளான டிஎல்சிக்களே. 2019இல் வந்த வி ஆல் ஃபால் டவுனில் விக்டோரியா பிங் கூரைக்குக் கூரை தாவி, சாட்டை சுழற்றிப் போகிறாள். பசி இல்லை, பொறுக்கல் இல்லை, கம்ப்யூட்டர் அடுக்கிய தெரு இல்லை. இதைத்தானடா முதலிலேயே கேட்டோம் என்று கத்தத் தோன்றும்.

ஆக, என் தம்பிக்குச் சொன்னது ரிமெம்பர் மீ. நாலு ஜிபி கார்டுக்கு அது தூசி, டவுன்லோடும் பத்து ஜிபியை ஒட்டித்தான். ஆட்டத்தின் நடுவே குறித்து வைத்த இடங்களான செக்பாயிண்டில் தானாகத்தான் சேமிக்கும், ஆனால் அடுத்த செக்பாயிண்ட் சீக்கிரம் வந்துவிடும் என்பதால் கரண்ட் போனாலும் பெரிதாக நஷ்டமில்லை. "சைபர்பங்க் ஓடாதா அண்ணே?" என்று இழுத்தான். ஓடும், எல்லாவற்றையும் குறைத்து வைத்தால் ஓடும், 70 ஜிபி இறக்கி, ஹார்ட் டிஸ்க்குக்குப் பதில் வேகமான எஸ்எஸ்டி வாங்கிப் போட்டு, கடைசியில் அழகே இல்லாத நைட் சிட்டியைப் பார்ப்பதற்கு அவ்வளவு பாடு எதற்கு? ஆறு ஜிபிக்கு மேல் கார்டும் வீட்டில் ஒழுங்கான ஃபைபர் லைனும் இருப்பவர்கள் வேறு எதையும் யோசிக்காமல் சைபர்பங்க் வாங்கலாம், சண்டை போன்ற சில இடங்கள் தவிர எங்கே வேண்டுமானாலும் சேமித்துக்கொள்ளலாம் என்பதும் நம் ஊருக்கு வசதி.

எனக்குத் தனியாக நடந்துபோகும்போது நினைவுக்கு வருவது மூன்றில் வி ஹேப்பி ஃபியூதான், அந்த மேசையும் அந்த மாத்திரையும். இருந்தாலும் வாங்கச் சொல்ல மாட்டேன். பிடிக்காவிட்டால் ஸ்டீம் என்ற ஆன்லைன் கேம் கடையில் திருப்பிக் கொடுத்துவிடலாமே என்று நினைப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: 14 நாளுக்குள், இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாக விளையாடியிருந்தால்தான் பணம் திரும்பும். இந்த கேமில் முதல் இரண்டு மணி நேரம் நன்றாகத்தான் இருக்கும்.