நீலம் இல்லாத நீலத் தாழைக்கோழி: எடை குறைந்த இணையதளத்தோடு 3 வருடம்

கூந்தன்குளம் பக்கம் ஒரு பள்ளியில் பசுமைப் படை நடத்தும் நண்பர் போன வாரம் போன் செய்தார். "அண்ணே, பள்ளிக்கரணைப் பறவைகளுக்கு நீங்க வச்சிருக்கிற மாதிரி லேசான சைட் ஒண்ணு நாங்களும் செய்யலாம்னு இருக்கோம். உங்களோடதை அப்படியே எடுத்துக்கலாமா?" தாராளமா என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஏன் என்று எழுதிவிடுகிறேன்.

2022இல் சென்னையின் பள்ளிக்கரணைச் சதுப்புநிலம், உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்ததும் ஆசிரியர்கள் எங்கள் பாடக் குறிப்புகளை நிறையக் கேட்க ஆரம்பித்தார்கள். பலரும் வகுப்பில் தங்கள் சொந்த போன் டேட்டாவில்தான் திறப்பார்கள். அப்போது எங்கள் முகப்புப் பக்கம் மட்டுமே 3 மெகாபைட். ஈரநிலத்தைக் காப்பாற்றச் சொல்லும் பக்கம் இவ்வளவு மின்சாரத்தையும் டேட்டாவையும் தின்பது எனக்கு உறுத்தியது. ஒவ்வொரு முறையும் சர்வரில் பக்கத்தை உருவாக்கும் வேர்ட்பிரஸை விட்டு, பக்கங்களை முன்கூட்டியே ஆயத்தமாக்கி வைக்கும் ஹியூகோ என்ற கருவிக்கு மாறினோம். ஓடும் படங்கள், வீடியோ, பின்தொடரும் நிரல்கள் எல்லாம் போயின. முகப்பு 200 கிலோபைட்டுக்குள் வந்தது.

இதில் எனக்கு இன்றும் சந்தோஷம் தருவது எழுத்துதான். கணினி எழுத்துகளைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் ஆங்கில எழுத்துக்கு 1 பைட் போதும். தமிழில் 'க'வுக்கே 3 பைட். 'கு' என்றால் க ஒன்று, உகரக் குறி ஒன்று என்று 6 பைட். தமிழ்ப் பக்கம் கனக்கும் என்றுதான் பயந்தேன். சர்வர் சுருக்கி அனுப்பும்போது அந்தக் கனம் பெரும்பாலும் கரைந்துவிடுகிறது. சதுப்புநிலம் வெள்ளநீரை எப்படித் தாங்குகிறது என்ற எங்கள் மிக நீண்ட பாடம் முழுவதும், நாங்கள் முன்பு போட்டிருந்த ஒரு கொக்குப் படத்தின் எடையில் பத்தில் ஒரு பங்குகூட வராது.

எழுத்துருவையும் இறக்கவில்லை. அந்தந்தக் கருவியில் இருப்பதே போதும் என்று விட்டோம். ஆண்ட்ராய்டில் நோட்டோ, விண்டோஸில் நிர்மலா, பழைய பள்ளிக் கணினியில் லதா. ஒவ்வொன்றிலும் தளத்தின் முகம் கொஞ்சம் மாறும், பரவாயில்லை. பெயர் மட்டும் எங்கும் ஒரே மாதிரி தெரிய வேண்டும் என்று லோகோவை எஸ்விஜி என்ற கோட்டுப்பட வடிவில் வரைந்தோம். ஒரே நிறம், 3 கிலோபைட். ஜெராக்ஸ் எடுத்தாலும் சிதையாது.

அடுத்தது படங்கள். பார்சிலோனாவில் ஒரு பால்கனி சோலார் பலகையில் ஓடும் லோ-டெக் மேகசின் தளத்தை 2018இல் தொடங்கியபோதே பார்த்து மயங்கியவன் நான். மேகம் மூடினால் தளமே அணைந்துவிடும். பேட்டரியில் எவ்வளவு மிச்சம் என்பதைப் பக்கத்தின் பின்னணியே காட்டும். படங்களெல்லாம் டிதரிங் செய்தவை, அதாவது பழைய செய்தித்தாள் படம் போலப் புள்ளிகளால் ஆனவை. அவர்களுக்கு அது பொருந்தியது. நானும் எங்கள் 40 பறவைப் படங்களையும் 4 பச்சைச் சாயல்களில் புள்ளியாக்கினேன். பார்த்தவர்கள் எல்லாரும் பாராட்டினார்கள். தாளில் அச்சடித்து ஜெராக்ஸ் போட்டால் அந்தப் புள்ளிகள் அவ்வளவு சுத்தமாக விழும். இன்றும் அதில் எனக்குக் குறையே இல்லை.

ஆனால் போனில் உலாவி படத்தைச் சுருக்கும்போது புள்ளிகள் ஒன்றோடொன்று மோதி வலை விழுந்தது போல் கோடுகள் தெரிகின்றன. 3 வருடமாக இந்தப் புகார் வந்துகொண்டே இருக்கிறது. ஒரு போனுக்குச் சரிசெய்தால் இன்னொன்றில் கெடும். சென்ற மாதம் ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தி கேட்டாள்: "சார், நீலத் தாழைக்கோழின்னு போட்டிருக்கு, நீலம் எங்க?" பக்கத்தில் சாதாரணத் தாழைக்கோழியின் படம். இரண்டுக்கும் சிவப்பு நெற்றி, இரண்டும் நாணலுக்குள் திரியும். உடல் நிறத்தை எடுத்துவிட்டால் பிள்ளைகள் எதை வைத்துப் பிரித்துச் சொல்வார்கள்? சாதாரணத் தாழைக்கோழியின் விலாவில் உள்ள வெள்ளைக் கோட்டைப் பார்க்கச் சொல்லலாம் என்றால், அதையும் புள்ளிகள் தின்றிருந்தன.

அன்று ராத்திரியே மூலப் படத்தை எடுத்து, அதே அளவில், முழு நிறத்தில் வெப்பி (WebP) என்ற பட வடிவத்துக்கு மாற்றிப் பார்த்தேன். 38 கிலோபைட். புள்ளிப் படம் 71. புள்ளிகள் தாறுமாறாகச் சிதறிக் கிடப்பதால், அந்தப் படம் இருந்த பிஎன்ஜி (PNG) வடிவத்தால் அவற்றை நன்றாகச் சுருக்க முடியவில்லை. முதல் நாளே இரண்டு கோப்புகளையும் பக்கத்தில் வைத்து அளந்திருக்க வேண்டும். நான் செய்யவில்லை. 3 வருடம் பிள்ளைகளுக்கு நீலத்தை மறைத்தேன், அதற்காக ஒரு பைட்டும் மிச்சமாகவில்லை. இதை எழுதும்போதும் எனக்குக் கோபம் அடங்கவில்லை.

தளம் வேகமானது, 3 வருடத்தில் ஒருமுறையும் பழுதானதில்லை, பராமரிப்புச் செலவும் சொற்பம். எல்லாம் உண்மை. ஆனாலும் நண்பரிடம், எங்கள் தளத்தை அப்படியே எடுக்க வேண்டாம் என்றுதான் சொன்னேன். கூந்தன்குளத்தில் செங்கால் நாரை உண்டு, பூநாரை உண்டு. கால் சிவப்பும் இறகின் இளஞ்சிவப்பும் தெரியாமல் அவற்றைப் பற்றி என்ன பாடம் நடத்துவது? அச்சுத் தாள்களை மட்டும் வாங்கிக்கொள்ளுங்கள், அவை நன்றாக இருக்கின்றன என்றேன்.

நீலத் தாழைக்கோழியை நேற்று மாற்றிவிட்டேன். அந்த மாணவியின் ஆசிரியருக்கு இணைப்பும் போய்விட்டது. மீதி 39 படங்கள் இந்த வாரத்துக்குள் மாறும்.