லைனர் மாற்றிய டிராக்டர்: சில ஆண்டுகள் ஓட்டிய பிறகு

சுங்கை சிப்புட் பக்கம் செம்பனைக் குலை இழுக்க எங்களிடம் இருப்பது பழைய மேஸி பெர்குசன் 135. மூன்று சிலிண்டர் பெர்கின்ஸ் டீசல், சுமார் 2.5 லிட்டர். சிலிண்டருக்குள் உட்காரும் உறையான லைனரை மாற்றி, அதன் உள்சுவரைக் கல்லால் தேய்க்கும் ஹோனிங் போட்டு, சில ஆண்டுகள் ஓட்டியாயிற்று. ஒரு சர்வீஸுக்கும் அடுத்ததற்கும் நடுவில் ஆயில் பெரிதாகக் குறைவதில்லை. மழைக்காலக் காலையிலும் உடனே ஸ்டார்ட் ஆகிறது.

இதற்கு முன் வேறொரு பட்டறையில் செய்த வேலை இப்படி அமையவில்லை. லைனரும் பிஸ்டனைச் சுற்றியிருக்கும் ரிங்கும் புதியவைதான். உள்சுவர் முகம் பார்க்கும் கண்ணாடி மாதிரி மின்னியது. ஆனால் நீலப்புகை நிற்கவே இல்லை, ஆயில் ஊற்றி ஊற்றி மாளவில்லை. கடைசியில் பிளாக்கைக் கழற்றி ஈப்போவில் சிலிண்டர் போரிங் வேலை பார்க்கும் ஓர் அண்ணனிடம் கொண்டுபோனோம். விரலால் தடவிப் பார்த்தவர், "தம்பி, இவ்வளவு மழமழன்னு இருந்தா ஆயில் எங்க நிக்கும்?" என்றார்.

விஷயமே அதுதான். ஹோனிங் கல் சுழன்றுகொண்டே மேலும் கீழும் போய்வரும்போது சுவரில் ஒன்றையொன்று வெட்டும் மெல்லிய கோடுகள் விழும். ஆயில் தங்குவது அந்தக் கோடுகளில். அவை வெட்டிக்கொள்ளும் கோணம் 45 முதல் 60 டிகிரி வரை இருந்தால் நல்லது. ரொம்பப் படுத்துவிட்டால் ஆயில் அதிகமாகத் தங்கி எரியும். ரொம்ப நிமிர்ந்தால் கீழே வடிந்துவிடும். கடைசியில் மெல்லிய கல்லால் ஒரு தடவை ஓட்டிக் கோடுகளின் கூர்முனையை மட்டும் எடுத்தார். ரிங் சீக்கிரம் படிய அது உதவும்.

இந்த என்ஜினில் சூட்டைத் தணிக்கும் தண்ணீர் லைனரைத் தொடாது. சூடு பிளாக் சுவர் வழியாகத்தான் வெளியேற வேண்டும், அதனால் உட்காரும் இடத்தில் துருவோ கரியோ இருக்கக் கூடாது. பிரஸ்ஸில் இறக்கிய பிறகும் மேல், நடு, கீழ் என மூன்று இடத்தில், இரண்டு திசையிலும் அளந்து பார்க்கச் சொல்லுங்கள். இறுக்கத்தில் வட்டம் கோணிப்போவதுண்டு. சின்னக் கல் உருண்டைகள் வைத்த பிரஷ்ஷை டிரில்லில் மாட்டி ஓட்டுவதையும் ஹோனிங் என்றே சிலர் சொல்கிறார்கள். பளபளப்பை எடுக்க அது போதும், கோணிய வட்டத்தை அது சரிசெய்யாது.

அப்புறம் கழுவுவது. இதில்தான் பலர் அவசரப்படுகிறார்கள். டீசலால் துடைத்தால் கல்தூள் கோடுகளுக்குள்ளேயே கிடந்து புது ரிங்கைத் தேய்த்துவிடும். அந்த அண்ணன் சுடுதண்ணீரும் சோப்பும் போட்டு, பிரஷ்ஷால் தேய்த்து, வெள்ளைத் துணியில் கறுப்பு ஒட்டாமல் போகும் வரைக்கும் விடவில்லை. காய்ந்த கையோடு ஆயில் பூசிவிட்டார். நம் ஊர் ஈரத்தில் கொஞ்சம் தாமதித்தாலும் துரு பிடிக்கும்.

ஓட்டுவதிலும் ஒரு பழக்கத்தை மாற்ற வேண்டியிருந்தது. குலை ஏற்றும் நேரமெல்லாம் என்ஜினைச் சும்மா ஓடவிடுவது தோட்டத்தில் வழக்கம். புது ரிங் படிய அழுத்தம் வேண்டும். சுமையில்லாமல் நெடுநேரம் ஓடினால் சுவர் மறுபடி மழமழவென்று ஆகிவிடும். ஆரம்பத்திலிருந்தே மிதமான சுமையோடு, வேகத்தை ஏற்றி இறக்கி ஓட்டினோம்.

இப்போது எங்கள் கவனமெல்லாம் ஏர் ஃபில்டரில். வெயில் காலத்தில் செம்மண் பாதைத் தூசி கொஞ்சம் உள்ளே போனாலும் பிஸ்டன் மேலே போய்த் திரும்பும்போது மேல் ரிங் நிற்கும் இடம்தான் முதலில் தேயும். ஃபில்டர் கிண்ணத்து ஆயிலில் சேறு தட்டினால் அன்றைக்கே மாற்றிவிடுகிறோம். அதிலிருந்து என்ஜினுக்குப் போகும் ரப்பர் குழாயையும் கிளிப்பையும் கையோடு பார்த்துவிடுவோம், ஒரு சின்ன வெடிப்பு போதும்.