வாக்கியக் கணக்குக்கு உதவிய வண்ணக் கோல்கள்

நான்காம் வகுப்பில் படிக்கும் என் மகளுக்குக் கூட்டலிலும் கழித்தலிலும் தடுமாற்றம் கிடையாது. ஆனால் அதே கணக்கு இரண்டு வரி வாக்கியமாக வந்தால், "அப்பா, இது கூட்டலா, கழித்தலா?" என்று கேட்டுக்கொண்டு வந்து நிற்பாள். 'அதிகம்' என்று இருந்தால் கூட்டுவது, 'மீதி' என்று இருந்தால் கழிப்பது என ஒற்றைச் சொல்லை நம்பியே கணக்குப் போடும் பழக்கம் அவளிடம் ஊறிப்போயிருந்தது. அதை மாற்றுவதற்காகக் கியூசனேர் கோல்கள் வாங்கி, நான்கு மாதங்களாகப் பயன்படுத்தி வருகிறோம்.

பெல்ஜிய நாட்டு ஆசிரியர் ஜார்ஜ் கியூசனேர் உருவாக்கிய இக்கோல்கள் 1950களில் பல நாட்டு வகுப்பறைகளுக்குப் பரவின. 1 செ.மீ. நீளமுள்ள வெள்ளையில் தொடங்கி 10 செ.மீ. ஆரஞ்சு வரை பத்து நீளங்கள், நீளத்துக்கு ஒரு நிறம். எங்கள் பெட்டியில் 74 கோல்கள் இருந்தன. கோல்களில் எண்களோ கோடுகளோ இல்லை என்பதையே இவற்றின் பெரிய சிறப்பாகக் கருதுகிறேன், ஏனெனில் எண்ணிப் பார்க்க எதுவும் இல்லாதபோது குழந்தை நீளங்களை ஒப்பிட்டே ஆக வேண்டியிருக்கிறது.

"கயலிடம் 7 மாங்காய்கள் உள்ளன. இது தம்பியிடம் உள்ளதைவிட 3 அதிகம். தம்பியிடம் எத்தனை?" என்ற கணக்குக்கு அவள் யோசிக்காமல் 10 என்றாள். யாரிடம் அதிகம் இருக்கிறது என்பதை மட்டும் கோல்களால் காட்டும்படி கேட்டேன். கயலுக்குக் கறுப்புக் கோலை வைத்தாள். அதன் கீழே தம்பிக்கு எதை வைப்பது என்று தயங்கி, வாக்கியத்தை மீண்டும் ஒருமுறை வாய்விட்டுப் படித்தாள். பிறகு 3-க்கான இளம்பச்சைக் கோலைக் கறுப்பின் வலது முனைக்கு நேராக வைத்து, எஞ்சிய இடத்தில் ஊதாக் கோலைப் பொருத்தி, "நாலு" என்றாள். விடையைவிட அந்த இரண்டாவது வாசிப்பே எனக்குப் பெரிதாகத் தெரிந்தது.

எண்கள் பெரிதானால் கோல்கள் போதா. "48 நெல்லிக்காய்களை அக்காவும் தம்பியும் பங்கிட்டார்கள்; அக்காவின் பங்கு தம்பியுடையதைப்போல 3 மடங்கு" என்பதற்கு, சிங்கப்பூர்த் தொடக்கப்பள்ளிகளில் செய்வதுபோல், நோட்டில் சம அளவுக் கட்டங்களை வரையப் பழக்கினேன். தம்பிக்கு ஒன்று, அக்காவுக்கு மூன்று. நான்கு கட்டங்கள் சேர்ந்து 48 என்றால் ஒரு கட்டம் 12, அக்காவுக்கு 36. கோல்களைக் கையாண்ட பழக்கத்தால் இந்தப் படத்தை அவள் எளிதாகப் பிடித்துக்கொண்டாள்.

குறைகளும் உண்டு. பெட்டியில் வழிகாட்டிக் குறிப்பு ஏதும் இல்லை. முதலில் வாங்கிய மலிவான பெட்டியில் வெட்டு சீராக இல்லாததால் நீளங்கள் ஒன்றுக்கொன்று பொருந்தவில்லை; வாங்கியவுடன் பத்து வெள்ளைக் கோல்களை ஓர் ஆரஞ்சுக் கோலோடு ஒட்டி அடுக்கிப் பார்த்துவிடுங்கள். மங்கலான விளக்கில் நீலமும் கறுப்பும் ஒன்றுபோலத் தெரிகின்றன. முதல் சில நாட்கள் குழந்தை வீடு கட்டியும் ரயில் ஓட்டியும் விளையாடட்டும், கணக்கைப் பிறகு தொடங்கலாம். ஒன்றாம் வகுப்பிலிருந்து நான்காம் வகுப்பு வரையுள்ள குழந்தைகளுக்குத் தயங்காமல் வாங்கலாம். அதற்கு மேற்பட்டவர்களுக்குக் கட்டம் போட்ட நோட்டும் பென்சிலும் போதும்.