நைட்ரஜன் தொட்டியா, தகனமா?

உயில் எழுதும்போது என் உடலை என்ன செய்வது என்று முடிவெடுக்க வேண்டியிருந்தது. நான் அமெரிக்காவில் இருப்பதால், என்றாவது மீண்டும் எழுப்பிவிடுவார்கள் என்ற நம்பிக்கையில் உடலை உறைய வைத்துக் காக்கும் கிரையோனிக்ஸும் கைக்கு எட்டும் வழிதான், அதனால் அதையும் ஒழுங்காகப் படித்துப் பார்த்தேன். கடைசியில் தகனம் என்றே எழுதினேன்.

முதலில் செலவு. அரிசோனாவில் உள்ள ஆல்கார் என்ற கிரையோனிக்ஸ் நிறுவனம் முழு உடலுக்கு 2 லட்சம் டாலருக்கு மேல் கேட்கிறது, தலை மட்டும் என்றால் 80,000. மிச்சிகனில் உள்ள கிரையோனிக்ஸ் இன்ஸ்டிடியூட்டில் 28,000 டாலரிலிருந்து தொடங்குகிறது, ஆனால் உயிர் போனதும் வேலையைத் தொடங்கக் கடைசி நேரத்தில் படுக்கையருகே வந்து காத்திருக்கும் குழு அதில் சேராது. தகனத்துக்குச் சில ஆயிரம் டாலர் போதும். கிரையோனிக்ஸ் பணக்காரர் சமாச்சாரம் மட்டுமே என்றும் சொல்லிவிட முடியாது, இளம் வயதில் ஆயுள் காப்பீடு எடுத்து அந்த நிறுவனத்தையே பயனாளியாகப் போட்டுவிடுகிற நடுத்தர வர்க்கத்தினரும் இருக்கிறார்கள்.

அறிவியலைப் பொறுத்தவரை, இதுவரை ஒருவரும் எழுந்து வந்ததில்லை. அதற்காகச் சிரித்து ஒதுக்கவும் மாட்டேன். 2023இல் மினசோட்டா பல்கலைக்கழகத்தில், 100 நாள் வரை உறைநிலையில் வைத்த எலிச் சிறுநீரகத்தை மீட்டு இன்னொரு எலிக்குப் பொருத்தி வேலை செய்ய வைத்திருக்கிறார்கள். சிறுநீரகத்துக்கும் மூளைக்கும் எவ்வளவு தூரம் என்று கணிக்கும் அளவுக்கு எனக்கு விவரம் போதாது.

என்னை முடிவெடுக்க வைத்தது பராமரிப்புதான். உடல் கிடப்பது மைனஸ் 196 டிகிரி செல்சியஸ் திரவ நைட்ரஜனில். அந்தத் தொட்டிக்கு மின்சாரம் தேவையில்லை, ஆனால் நைட்ரஜன் ஆவியாகிக்கொண்டே இருக்கும், யாராவது ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும், அதுவும் நூறு வருடமோ இருநூறு வருடமோ, நம் பெயரே தெரியாத யாரோ. 1967 ஜனவரியில் முதன்முதலாக உறைய வைக்கப்பட்ட ஜேம்ஸ் பெட்ஃபோர்டின் உடல் இன்றும் ஆல்காரில் இருக்கிறது என்றால், இடம் மாற்றி இடம் மாற்றி அவர் குடும்பம் பல வருடம் விடாமல் பார்த்துக்கொண்டதுதான் காரணம். அந்த ஆரம்ப வருடங்களில் வைக்கப்பட்ட மற்றவர்கள் யாரும் மிஞ்சவில்லை. கலிபோர்னியாவின் சாட்ஸ்வர்த் கல்லறையில் நிலவறைக்குள் வைத்திருந்த ஒன்பது உடல்கள், பணம் நின்றுபோனதும் உருகி அழுகிப் போயின. அது வெளியே தெரிந்தது 1979இல். அங்கே பணம் கட்டிய குடும்பங்களை நினைத்தால் மனசு ஆறவில்லை. தங்கள் ஆள் பத்திரமாக இருக்கிறார் என்றே நம்பிக்கொண்டிருந்தவர்களும் அவர்களில் உண்டு.

மதம் இந்த இடத்தில்தான் எனக்கு அர்த்தமாகிறது. நான் வளர்ந்த சைவ மரபில் உயிர் போன கூட்டுக்கு வேலை முடிந்தது, எரித்து, அஸ்தி கரைத்து, காரியம் செய்துவிட்டால் அந்த உடலை வைத்து யாரும் எதையும் காப்பாற்ற வேண்டியதில்லை. இஸ்லாத்தில் எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம் அடக்கம். கிறிஸ்தவர்கள் உடல் உயிர்த்தெழும் என்று நம்பினாலும் அது கடவுளின் வேலை, அதற்கு உடல் கெடாமல் இருக்க வேண்டும் என்றில்லை, கத்தோலிக்கத் திருச்சபையே 1963இல் தகனத்துக்கு அனுமதி கொடுத்துவிட்டது. மறுமைக்கு மாதாமாதம் செலவு வைக்காத வழிகள் இவை, கூலித் தொழிலாளிக்கும் கோடீஸ்வரருக்கும் ஒரே வாசல். கிரையோனிக்ஸ்காரர்கள், இது சாவே இல்லை, நீண்ட கோமா மாதிரி, மதத்தோடு மோதவே இல்லை என்கிறார்கள். அதைக்கூட ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எழுந்து வரும்போது வேண்டும் என்று தன் சொத்தையே அறக்கட்டளையில் பூட்டி வைத்துவிட்டுப் போகிறவர்களும் இருக்கிறார்கள், அது எனக்குச் சரியாகப் படவில்லை. கடைசி மூச்சோடு சொத்து அடுத்த தலைமுறை கைக்குப் போக வேண்டும். என் காப்பீட்டுப் பணம் என் பிள்ளைகளுக்கே.

அப்புறமும் கிரையோனிக்ஸ்தான் வேண்டும் என்பவர்களுக்கு, எந்த இடத்துக்கும் நேரில் போகாமல் படித்ததை மட்டும் வைத்துச் சொல்கிறேன்: விலை கூடினாலும் ஆல்கார் பக்கமே சாய்வேன். கட்டும் பணத்தில் ஒரு பங்கைப் பராமரிப்புக்கென்றே தனி அறக்கட்டளையில் ஒதுக்குகிறார்கள். கையெழுத்துப் போடும் முன், அந்த நிதியின் வருடக் கணக்கைக் கேட்டு வாங்கிப் பாருங்கள்.